சுய்பிங் பெயரில் வந்த கடிதம்

எனக்குத் தேயிலை போட வேண்டாம், வெறும் வெந்நீர் போதும். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஷாண்டோங் பக்கம் கல்லூரி அனுமதிக் கடிதம் பள்ளிக்குத்தான் வரும். வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டு வாங்குவார். கிராமத்தில் மதிப்பெண்ணை யாரும் விசாரிப்பதில்லை. கடிதம் வந்தால் தேறியாயிற்று, வராவிட்டால் இல்லை. அந்த ஆகஸ்டில் என் வகுப்புக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது, தாங் சுய்பிங்குக்கு. அதே வகுப்பில் படித்த என் மகள் வென்ஜிங்குக்கு வரவில்லை.

வென்ஜிங் மூன்று நாள் சாப்பிடவில்லை. பெற்றவன் வயிறு எரியாதா? சுய்பிங்கின் அப்பா கடலை பயிரிடுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரிந்த வீடாக இருந்திருந்தால் நான் அந்தக் கடிதத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். மாணவரின் விவரக் கோப்புகளை உறையில் போட்டு ஒட்டிக் கல்லூரிக்கு அனுப்புவதும் என் வேலைதான். சுய்பிங்கின் படத்தை எடுத்துவிட்டு வென்ஜிங்கின் படத்தை ஒட்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

சுய்பிங் பதினாறு நாள் தினமும் பள்ளிக்கு நடந்து வந்தாள்.

"கோங் சார், என் பேருக்கு ஏதாவது வந்துச்சா?"

"இல்லம்மா."

"வழியில எங்கயாச்சும் தொலஞ்சிருக்குமோ சார்?"

"தபால்காரர் மேல பழி போடாத. நீ சரியா எழுதல, அவ்வளவுதான்."

பதினேழாம் நாள் வேறு பேச்சு எடுத்தாள். "இன்னொரு வருஷம் படிச்சு எழுதுறேன் சார். தரையிலகூட உக்காந்துக்கிறேன்."

அதை அனுமதிக்க முடியாது. ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, இரண்டு இடத்தில் வந்து நிற்கும். அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா அவித்த கடலையை முன்னால் வைத்துவிட்டு, என் வாயையே பார்த்தார்.

"நீங்க சொன்னாச் சரி சார். பொண்ணு தேறுமா?"

"உழைப்பு இருக்கு. ஆனா கல்லூரிக்குக் காணாது. வீணா ஏன் இன்னொரு வருஷம்? தம்பியையாவது படிக்க வைங்க."

சுய்பிங் அழவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள். கணக்குப் புத்தகத்தை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதையும் வைத்தாள். நான் கடலையைத் தின்று முடித்தேன். மரியாதைக்கு வைத்ததை எப்படி மிச்சம் வைப்பது?

அப்புறம் சுய்பிங்குக்கு மீன் பதப்படுத்தும் ஆலை, கல்யாணம், நகரத்தில் ஒரு பள்ளி உணவுக்கூடத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை, ஆசிரியர்கள் முகமே பார்க்கக் கிடைக்காது. அங்கேதான் என் மகள் ஆசிரியை, தாங் சுய்பிங் என்ற பெயரில். "உன் பேருதான் டீச்சருக்கும், உன் தலையில மட்டும் சட்டிய எழுதிட்டான் பாரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்களாம். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அறிவிப்புப் பலகையில் டீச்சரின் பிறந்த தேதியையும் சொந்த ஊரையும் பார்க்கும் வரை.

போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றாள்.

"சார், நான் எத்தன மார்க்கு?"

மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை, ஐந்நூற்று எழுபத்தொன்று. சொன்னால் தாங்கமாட்டாள். என்னை என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் இதையும் எழுதுங்கள்: பட்டச் சான்றிதழில் இருப்பது சுய்பிங்கின் பெயர்தான். அவளுக்காக அவ்வளவாவது செய்திருக்கிறேன்.