பிரதீபனுக்கு ஒரு பேஸ் கிற்றார்

— ஐஞ்சு கம்பி வேண்டாம் சாருஜன், நாலே காணும். எங்கட இசைக்குழுப் பிரதீபன் நாலு கம்பியிலை செய்யாததை வேறை ஆரும் ஐஞ்சிலை செய்யப்போறேல்லை. என்ன வினோஜா?

— எனக்கென்ன தெரியும் கொலின்ஸ் அண்ணை. அவர் வாசிக்கிறதைக் கேட்டிருக்கிறன், அவ்வளவுதான்.

— அப்ப இதப் பாருங்கண்ணே. விலை நடுத்தரம்தான், ஆனா எல்லாத்துக்கும் ஒத்துவரும். கம்பிச் சத்தத்தப் பிடிக்கிற பிக்கப் ரெண்டு இருக்கு. முன்னுக்கு உள்ளதக் கூட்டினீங்கன்னா சத்தம் தடிப்பா வரும், சேர்ச் பாட்டுக்கு நல்லா இருக்கும். பின்னுக்கு உள்ளது வெட்டி வெட்டிக் கேக்கும், பைலா ஆட்டப் பாட்டுக்கு அதுதாங்க.

— கோயில் திருவிழாவிலை வெளியிலை மேடை போடுவாங்கள். அங்கை?

— ரெண்டையும் பாதிப் பாதி வைங்க. கடைசியில நிக்கிறவனுக்கும் கேக்கும்.

— பற்றறி போடுறதோ?

— இல்லண்ணே. பற்றறி உள்ளது அங்கிட்டு மாட்டியிருக்கு. சத்தம் கூடத்தான், ஆனா நடுப்பாட்டில பற்றறி போயிருச்சுன்னா மேடையில சும்மா நிக்கணும்.

— ஐயோ, அது வேண்டாம். ஒருக்கா அப்பிடி நிண்டதே காணும் அவனுக்கு.

— அந்தக் கதையை விடுங்கோ அண்ணை.

— சரி, விட்டன். தங்கச்சி, இந்தக் கிற்றாரின்ரை கழுத்தை ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ. அவன்ரை கை பெண்சாதி உங்களுக்குத்தானே தெரியும். மொத்தமோ?

— விரல் நீளம்தான். ஆனா ஆனையிறவிலை உப்பு அள்ளி அள்ளிக் கை வெடிச்சுப்போய்க் கிடக்கு. மெல்லிசாயிருந்தால் நல்லம்.

— உப்பளத்திலையோ? எனக்கொருத்தரும் சொல்லேல்லையே.

— நீங்கள் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையே.

— அப்ப இந்தக் கறுப்புதாங்க சரி. கழுத்து மெல்லிசு, பாரமும் கொறைவு, ரெண்டு மணி நேரம் தோள்ல கெடந்தாலும் நோவாது. வயரும் ஆம்பிளிபயரும் பின்னால இருக்கு, எடுத்துட்டு வாறேன். பேசிக்கிட்டு இருங்க.

— நல்ல பெடியன். தங்கச்சி, என்னோடை கோவமோ?

— இல்லை.

— கோவமெண்டால் ஏசுங்கோ. ரெண்டு வருசமா அவன் என்ரை போனை எடுக்கிறானில்லை. வீட்டை வந்தால் கிணத்தடியாலை போயிடுறான். அதுதான் அவனுக்குத் தெரியாமல் உங்களைக் கூப்பிட்டனான். இதை நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும்.

— என்ன சொல்லிக் குடுக்க?

— கொலின்ஸ் மன்னிப்புக் கேட்டவன் எண்டு. முள்ளியவளைக் கலியாணத்திலை நான் கதைச்சது பிழை. பொம்பிளையும் மாப்பிள்ளையும் உள்ளுக்கு வருகினம், பாட்டுத் தொடங்கியாச்சு, இவன் கம்பியிலை கைபடாமல் நிக்கிறான். பாதிப் பாட்டிலை தொடங்கினான், அதுவும் வேறை சுதியிலை. எனக்கு விசர் வந்திட்டுது.

— ‘பேஸ்காரருக்கு நித்திரை வருதாம், ஆரும் ஒரு பிளேன்ரீ குடுங்கோ’ எண்டு மைக்கிலை சொன்னியள்.

— சொல்லுக்குச் சொல் பாடமாக்கி வைச்சிருக்கிறியள்.

— வீடியோ பேஸ்புக்கிலை வந்ததுதானே அண்ணை. மண்டபமே சிரிக்குது. அவரும் சிரிக்கிறார். நான் அவரைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தனான்.

— சபையிலை ஏசக்கூடாதெண்டுதான் பகிடியாக்கினனான். ஏசியிருந்தால் அவனுக்கு இவ்வளவு நொந்திராது. அந்தப் பாட்டு முடிஞ்ச கையோடை கிற்றாரைக் கதிரையிலை வைச்சிட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் மோட்டச்சைக்கிளை எடுத்தவன். ரோசத்திலை போறான், வருவான் எண்டு நானும் அடுத்த பாட்டைத் தொடங்கிட்டன். பின்னாலை போயிருக்கலாம் தங்கச்சி. வாசல் மட்டுமாவது போயிருக்கலாம்.

— அந்தக் கிற்றார்?

— என்ரை வீட்டிலைதான். நான் தொடேல்லை, வேறை ஆரையும் தொட விடவுமில்லை. சுவரிலை சாத்தினபடி நிண்டு கழுத்து வளைஞ்சுபோச்சு. இப்ப சேர்ச்சிலை கீபோட்டாலைதான் பேஸ் அடிக்கிறம். சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

— அண்ணே, வயர் கொண்டாந்துட்டேன். அடிச்சுக் காட்டவா?

— கொஞ்சம் பொறுங்கோ தம்பி. கொலின்ஸ் அண்ணை, இதைக் கட்டச் சொல்லுங்கோ, நான் கொண்டு போறன். சோறு தின்னேக்கை அவரின்ரை இடக்கை விரல் மேசையிலை ஓடும். நான் பார்த்தால் நிப்பாட்டிடுவார். அதாலைதான் விடியவே வவுனியா பஸ் ஏறினனான்.

— அப்ப மன்னிப்பானோ? ஒன்பது வருசம் ஒரு லொறியிலை திரிஞ்ச நாங்கள். ஒரு பகிடிக்காக ஒருத்தன் இப்பிடி விட்டிட்டுப் போவானோ?

— பகிடிக்காக அவர் போகேல்லை.

— பேந்து ஏன் போனவன்?

— எனக்கு அப்ப மூண்டு மாசம் அண்ணை. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் பாட்டைத் தொடங்க முதல், பிள்ளை தங்கேல்லை எண்டு ஆஸ்பத்திரியிலை இருந்து நான்தான் அவருக்குப் போன் எடுத்தனான். ‘பொம்பிளை மாப்பிள்ளை வருகினம், நல்ல வீட்டிலை இதைச் சொல்லக்கூடாது, இந்தப் பாட்டு முடிய வாறன்’ எண்டு போனை வைச்சவர்.