அன்பாகத்தான் சொன்னேன்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறவள் நான்தான் ஐயா. வரிசை கோணலாக இருந்தால் எனக்கு மனசு ஒப்பாது. பெண்கள் கூட்டத்துக்கும் நான்தான் தலைவி. விசுவாசிகள் யாராவது வழி தவறினால் அன்பாக எடுத்துச் சொல்லித் திருத்துவது என் பொறுப்பு.

எங்கள் சபையில் ஒரு நர்ஸ். புருஷனை விட்டு வந்துவிட்டாள். அவன் வேன் ஓட்டுகிறவன். அவள் கையை இரண்டு முறை உடைத்திருக்கிறான், இல்லை என்று நான் சொல்லவில்லை. இஸ்திரிக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தாள். "உங்களை நம்பித்தான் சொல்றேன் அக்கா. அவருக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டார்" என்று என்னிடம் மட்டும் இடத்தைச் சொன்னாள்.

திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவ்வளவுதான் அறையில்.

"திரும்பிப் போ தங்கச்சி. பொறுத்துப்போனா மனுஷன் மாறுவான்."

"எத்தனை வருஷத்துல அக்கா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்து, சபையின் பின்னறையில் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு சொன்னேன். அசையவில்லை. கடைசியாக சபைக்கு முன்னால் நிற்க வைத்தேன்.

"ஒன்பது வருஷமா நான் சரியாத் தூங்கினதில்லை. இப்பத் தூங்கறேன். இது பாவம்னா எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மறுவாரம் எங்கள் சபையில் ஒரு தச்சரின் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்த நர்ஸ் இருக்கற பக்கம் இன்னொரு அறை கிடைக்குமா அக்கா?" என்று கேட்டாள். எத்தனை வீடு உடையும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வேன்காரனிடம் இடத்தைச் சொன்னேன். அவள் லீவு நாளையும் சொன்னேன். அவன் மேல் சாராய வாடை அடித்தது. "அன்பாப் பேசிக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றேன். அவன் குரலுக்கு அவள் திறக்க மாட்டாள். அதனால் நானும் கூடப் போனேன்.

"தங்கச்சி, நான்தான்."

உடனே தாழ்ப்பாளை நீக்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகுதான் எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். அவன் உள்ளே போனதும் நானே கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

"மேல என்னம்மா சத்தம்?" என்றார் இஸ்திரிக் கடைக்காரர். படியேறப் போனவரை, "புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று நிறுத்தினேன். சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

அவன் கொன்றான் என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அவன் தனியாகக் கொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் என்னை அடித்தார். இடது காது கேட்காது எனக்கு. சாகிறவரை அவர் மாறவில்லை. நான் பொறுத்தேன். நேற்று வந்த இவள் ஒரு பாயும் தட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். அது சரியென்றால் நான் எதற்காக ஐயா அத்தனை அடியும் வாங்கினேன்?

போகட்டும். அவளை நான் மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.