சமாதானம் சொல்லும் நேரம்

“ரப்பர் எஸ்டேட் பிள்ளைக்கு எதுக்குப் பட்டம்?” என்று என் சித்தி ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது எல்லாரும் கை கொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்வோம். சித்தி அப்படிக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு மட்டும் நான் சொன்னதில்லை.

போன வாரம் ஈப்போ நகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நாத்தனாருக்குக் கை கொடுக்க மனசு வரலக்கா. ஃபாதர் சமாதானம்னதும் டாய்லெட்டுக்கு ஓடிட்டேன்.”

“ஆண்டவரோட சமாதானத்துக்கே டிமிக்கியா?”

“அங்க போனா, அவளும் எனக்குப் பயந்து அங்கதான் ஒளிஞ்சு நிக்கிறா.”

“அப்புறம்?”

“வேற யாரு இருக்கா? ஈரக் கைய நீட்டி ‘சமாதானம்’னா. நானும் கொடுத்தேன்.”

“கோவம் போயிருச்சா?”

“எங்க போச்சு, அப்படியே இருக்கு லா. ஆனா அன்னிக்கு நல்லாத் தூங்குனேன். அந்த நிம்மதி நான் வரவச்சது இல்லக்கா, ஆண்டவரு கொடுத்தது.”

“அவ தூங்குனாளா?”

“எங்க வீட்டுலதான் தூங்குனா. சாப்பிட வந்தவ, இன்னும் போகல.”

இந்த ஞாயிறு பூசையில் நான் சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோபம் அப்படியே இருந்தது; கைப்பையில் என் பட்டமளிப்புப் படமும் இருந்தது.