பாதியில் நிறுத்தியவர்கள்

மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஐயா, உங்கள் மேசை மீது ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. பக்கத்தில் தண்ணீரும் மூடி வைத்திருக்கிறீர்கள். நாம் பேசிக்கொள்ள முடியும்.

பாக்டீரியா வளர்ப்பது என் தொழில். தட்டில் அவற்றைப் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லையை நடுவே வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். சில வேளை வட்டத்துக்குள்ளேயே ஒரு புள்ளி முளைக்கும். மருந்துக்கு அடங்காதது அது. அதற்கு நாங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை. நீராவிக் கலத்தில் போட்டு அவித்துவிடுவோம். இதில் கோபதாபம் எதுவும் இல்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகத்தில் தொற்று. மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டாள். மிச்சத்தைத் தொண்டை வலி என்று வந்த தம்பியிடம் கொடுத்தாள்.

"வீணாப் போறதுக்கு அவனாவது சாப்பிடட்டுமேன்னு குடுத்தேன். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்களே" என்றாள்.

மைத்துனன் லாரி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். "விடுங்க மாமா, ரெண்டு மாத்திரையிலயே தொண்டை சரியாயிடுச்சு. உங்க கிருமிக்கு ஒண்ணும் ஆகாது. அக்காவை விட அதுங்களைத்தானே ஊட்டி வளர்க்குறீங்க" என்று சிரித்தான்.

காய்ச்சல் திரும்பியது. அவளுடைய சிறுநீர் மாதிரி என் மேசைக்கே வந்தது. வில்லையின் விளிம்பு வரை பாக்டீரியா மண்டியிருந்தது, வட்டமே இல்லை. சோதித்தவற்றில் வேறு ஒரே ஒரு மருந்துக்குத்தான் கட்டுப்பட்டது. ஊசியாகப் போட்டார்கள், தேறினாள். வீட்டுக்கு வந்ததும், "மிச்ச ஊசி எதுக்கு? நான்தான் நல்லா இருக்கேனே" என்றாள்.

கடைசி மருந்தும் பாழாகப் போவது எனக்குப் புரிந்தது. தலையணை போதுமானதாக இருந்தது. என் மணிக்கட்டைப் பிறாண்டினாள். இந்தக் கீறல் அதுதான்.

அக்காவைப் பார்க்க மைத்துனன் வந்தான். ஆய்வகத் தாங்கியின் இரும்புத் தண்டு என்னிடம் இருந்தது. முதல் அடிக்கு "மாமா" என்றான். அடுத்த அடியில் தாடை கழன்றுவிட்டதால் பிறகு எதுவும் சொல்லவில்லை. அசைவு நிற்கும்வரை அடித்தேன். பாதியில் விடுவது என் வழக்கமல்ல. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, இருவரையும் உள்ளறையில் கிடத்திப் பினாயில் தெளித்துப் பூட்டினேன். அந்த வாரம் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக்கைச் சில்லறையாக விற்கும் தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் பாக்கி. அவர் இழுப்பறையை நோக்கிக் குனிந்தபோது அடித்தேன். மண்டை பிளந்தது, இருமல் மருந்துப் புட்டிகள் மீது ரத்தம் தெறித்தது. மீண்டும் ஓங்குவதற்குள் கடையிலிருந்தவர்கள் என் கையை முறுக்கிவிட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்கிறீர்கள். அதுதான் தவறு. அரைகுறையாக அடித்தால் எது தப்புகிறதோ அதுதான் வலுத்துத் திரும்பும்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. மனிதர்களின் உடல்நலம் கருதிச் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் சட்டைப்பையில் பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் அட்டை எப்படி வந்தது என்கிறீர்கள். அது வேறு, ஐயா. அந்த நகக்கீறல் சீழ் பிடித்திருந்தது. அவர் கடையில்தான் வாங்கினேன். இப்போதுதான் ஆறிவிட்டதே.