ஓக் பெட்டியின் அளவு

இந்தப் பிரேமர்ஹாஃபன் ஊரில் கணுவில்லாத ஓக் மரப் பலகை கிடைப்பது குதிரைக்கொம்பு, மேடம். ஆறு மாதம் அலைந்து வாங்கினேன். எங்கள் வரவேற்பறையில் புகைபோக்கிக்கும் ஜன்னலுக்கும் நடுவே சரியாக இரண்டு மீட்டர் இடம். அதில் மயிரிழை இடைவெளியில்லாமல் என் மனைவி ஸ்வென்யாவின் போவா மலைப்பாம்புக்குப் பெட்டி செய்தேன். பாம்பின் பெயர் ஹெர்மா. தொடைத் தடிமன், தூக்கினால் தோள் வலிக்கும். ஸ்வென்யா கொண்டுவந்த சீதனம் அது ஒன்றுதான். எனக்கு முன்பே பன்னிரண்டு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திய சீதனம்.

எங்கள் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் ஒரு விதி உண்டு. பாம்பின் நீளத்துக்குப் பெட்டி குறையக் கூடாது. தலைவர் ஓல்மன் பார்க்க வந்தார். மறந்தும் யாரையும் பாராட்டாத மனிதர். பெட்டியைத் தடவிப் பார்த்து, "டீட்மார், அளவுன்னா இதுதான்யா அளவு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

போன வருஷம் ஸ்வென்யா தென்துருவ ஆய்வு நிலையத்துக்குச் சமையல் வேலைக்குப் போனாள். பதினான்கு மாதம். மாதத்துக்கு ஒன்று என்று பதினான்கு எலிகளை ஃப்ரீசரில் அடுக்கிவைத்தாள். வாசலில் என் கையைப் பிடித்து, "எனக்கு நீ போன் பண்ணாட்டியும் பரவால்ல. ஹெர்மாவ மட்டும் பார்த்துக்க" என்றாள்.

மறு வாரமே ஹெர்மா சட்டை உரித்தது. தரையில் விரித்து அளந்தேன். இரண்டு மீட்டர் பதினைந்து. என் பெட்டி பதினைந்து சென்டிமீட்டர் குறை. ஓல்மனுக்குத் தெரிந்தால் சங்கமே கூடிச் சிரிக்கும். பெட்டியைப் பெரிதாக்கலாமே என்பீர்கள். ஒரு பக்கம் புகைபோக்கி, மறுபக்கம் ஜன்னல். வீட்டையா இடிக்க முடியும்? பாம்பு மேற்கொண்டு வளராமல் பார்த்துக்கொள்வதுதானே பொறுப்புள்ளவன் செய்கிற காரியம்.

எலிகளை மாதம் ஒன்றாகத் துறைமுகத்துக் கடற்காகங்களுக்குப் போட்டேன். தீனியை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. தீனி அட்டையில் 'தின்றது' என்று எழுதி, பழைய புகைப்படம் ஒன்றோடு ஸ்வென்யாவுக்கு அனுப்பினேன். அவளும் தவறாமல் முத்தம் அனுப்பினாள், ஹெர்மாவுக்கு.

ஹெர்மா ஆறு மாதம் பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் முட்டிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்வென்யா திரும்பினாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குள் கைவிட்டு, ஒரே கையால் ஹெர்மாவைத் தூக்கினாள். முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மருத்துவரிடம் ஓடினாள். மூன்றாம் நாள் செத்துப்போனது.

உடலைச் சமையலறை மேஜையில் கிடத்தினாள். நான் நடந்ததை ஒளிக்காமல் விளக்கினேன். அந்தச் சட்டையையும் எடுத்துக் காட்டினேன்.

"செருப்புக்காகக் காலை வெட்டிட்டியா?" என்றாள். பிறகு உடலின் மேல் நூலைப் பிடித்து அளந்தாள். ஒரு மீட்டர் எண்பத்தைந்து.

"உரிச்ச சட்டை இழுபட்டு நீளும், டீட்மார். பாம்பு வளர்க்கற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவ வளர்ந்து முடிச்சு எத்தனையோ வருஷமாச்சு."

திறக்காத சூட்கேஸோடு அப்படியே கிளம்பிப் போய்விட்டாள். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவள்தான்.

மறைக்க ஒன்றுமில்லை. பட்டினி போட்டுக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். அவள் நூலை மடித்து வைத்தபோது, பதினான்கு மாதமாக நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது மேடம். பெட்டி குறையில்லை. பதினைந்து சென்டிமீட்டர் மிச்சமே இருந்தது.