முற்றுப்புள்ளி வரை காத்திருந்த ஹஃபீசா அம்மையாருக்கு

எதிரே பேசியவர் தம் வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை சொல்லி முடிக்கும் மட்டும் ஒரு சொல்லும் உதிர்க்காமல் காத்திருந்த உத்தமியே. மேற்குத் தாம்பரம் வெள்ளிமீன் கால்டாக்சியின் விடியற்காலைக் குரலே. தொலைபேசி மணி அடிக்குமுன்பே ‘வண்டி கிளம்பிடுச்சு’ என்று சொல்லவல்ல விரைவின் வடிவே. இன்று பணி ஓய்வு பெறும், எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய ஹஃபீசா அம்மையார் அவர்களே, வணக்கம்.

முதல் அடைமொழியைக் கேட்டதும் அவையில் சிரிப்பு எழும் என்று தெரிந்தே இவ்விடத்தில் வாசிப்பவர் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் விட்டிருக்கிறோம். சிரித்து முடித்தவர்கள் செவி சாய்க்க. சொன்னது சத்தியம். அதிலிருந்து நாங்களே இன்னும் தெளியவில்லை.

இனித் தங்களை ‘அவர்’ என்றே குறிப்பிட அனுமதி வேண்டுகிறோம். ‘தாங்கள்’ என்று தொடங்கினால் வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடும் அபாயம் உண்டு. கதையையும் எங்கள் கண்வழியே சொல்லாமல், இதை இன்றுவரை நம்ப மறுப்பவரின் கண்வழியே சொல்கிறோம். அவர் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். பெயர் பக்கீர் முகமது. ஹஃபீசா அம்மையாரின் கணவர்.

பாய் நம்பாததில் நியாயம் இருக்கிறது. அவருடைய நிக்காஹ் அன்று, கேள்வி பாதியில் இருக்கும்போதே சம்மதம் வந்து சேர்ந்ததாம். மருத்துவர் ‘உங்களுக்கு’ என்று வாயெடுத்தால் ‘சர்க்கரை’ என்று அம்மையார் தீர்ப்பே எழுதிவிடுவார். மாடம்பாக்கம் மலைப்பாறையில் நின்று கூவினால் எதிரொலி வருமுன் பதில் சொல்லிவிடுவார். எதிரொலி வெட்கப்பட்டு மேடவாக்கம் பக்கம் போய்விடும். மாடம்பாக்கத்தில் மலைப்பாறை ஏது என்று கேட்கிறவர்கள், அந்த வெட்கத்தில் அதுவும் எழுந்து போய்விட்டது என்று கொள்க.

இந்த வேகம் எங்களுக்கு வாழ்வும் தந்தது, வம்பும் தந்தது. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்த புதிதில், சிட்லபாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வண்டி கேட்டது. கும்பகோணத்தில் மகளுக்கு வளைகாப்பு. அழைத்தவர் ‘கி’யா ‘கே’யா என்று யாருக்கும் புரியாத ஓர் எழுத்தைத் தொட்டார்; மீதியை அம்மையார் தொடுத்தார்.

“கேளம்பாக்கந்தானே சார், வண்டி வந்துகினே இருக்கு.”

அவசரத்தில் அழைத்தவரும் ‘ஆமாம் ஆமாம்’ என்றுவிட்டார். தென்புறநகரில் பிறந்தவர்களுக்கே வாய்த்த தடுமாற்றம் அது. வண்டி கிளாம்பாக்கத்துக்கு நேரே போகாமல், வண்டலூரில் இடப்பக்கம் கேளம்பாக்கம் சாலையில் திரும்பியது. உள்ளே சீர்வரிசைப் பேச்சு. மாம்பாக்கம் தாண்டிய பிறகுதான் ஒருவர் சன்னலைப் பார்த்து, ‘பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில இவ்ளோ வயல் ஏது?’ என்று கேட்டாராம். அவர்கள் திரும்பி வருவதற்குள் பேருந்து போயிருந்தது. மறுநாள் வளைகாப்புப் பெண்ணின் தாய் வளையல் பெட்டியோடு எங்கள் படியேறி வந்தார். திட்டவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அழுதார்.

உரிமையாளர் துளசிங்கம் அம்மையாரை உள்ளே அழைத்தார். பாய் அப்போது டீ கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தார்.

“அக்கா, இனிமே நீங்க...”

“வேலைக்கு வரவேணாம். அதானே?”

“இல்லக்கா. இந்த மாசம் முழுக்க ஸ்பீக்கர் போட்டுப் பேசுங்கன்னு சொல்ல வந்தேன்.” துளசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா இன்னொரு அட்ரஸ் தப்பாச்சுன்னா, நீங்க சொன்னதுதான். பேஜாராப் பூடுச்சு, அந்தம்மா முகத்தப் பாக்க முடியல.”

படியிறங்கும்போது பாய் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டே வண்டியோடு நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து தொலைபேசி மேசையில் அம்மையார் அமர்ந்த நாற்காலி பறிபோகலாம். அந்தத் தொலைபேசி இல்லாமல் இவள் என்ன ஆவாள் என்று அவருக்குத் திகிலாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது அவர் சொன்ன எதையும் அம்மையார் முடித்துவைக்கவில்லை; கேட்டால்தானே முடிப்பதற்கு.

பொறுமைக்கான புத்தகம் பாயின் கடையிலிருந்தே வந்தது. நட்டு போல்ட்டு மடிக்க எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டில், அட்டை கிழிந்து பெயரே இல்லாமல் ஒரு தன்னம்பிக்கை நூல் கிடந்தது. அதைத் தினமும் காலையில், பால் காயும் நேரத்தில், ஒரு பக்கம் படிப்பதென்று அம்மையார் முடிவு செய்தார். ஆனால் காதால் கேட்பது போலவேதான் கண்ணாலும் படித்தார். பாதி வாக்கியம் நூலாசிரியருடையது, மீதி அவருடையது. ‘விடாமுயற்சி உடையவர்க்கு’ என்று அச்சிட்டிருந்தால் ‘உடம்புக்கு ஆகாது’ என்று முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். முதல் அத்தியாயத்தை முடித்தபோது புத்தகம் சொன்னதற்கு நேரெதிராக அனைத்தையும் கற்றிருந்தார்.

அந்த வகையிலேதான் அவருடைய புகழ்பெற்ற பழக்கமும் பிறந்தது. ‘பேசுமுன் ஒரு வாய்த் தண்ணீர்’ என்று ஓர் அறிவுரை. அதற்குப்பின் ‘பருகி மனத்தை அமைதிப்படுத்துக’ என்றிருந்தது. அம்மையார் அதுவரை போகவில்லை. வாயில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மணி அடித்ததும் ஒரு வாய்த் தண்ணீரை அடக்கிக்கொள்வார். எதிர்முனை பேசி முடித்ததும் விழுங்கிவிட்டுப் பதில் சொல்வார். முதல் வாரத்தில் கணினி விசைப்பலகை குளித்தது, வரவேற்பு மேசையில் வெள்ளம். ‘யாரோ கிணத்துக்குள்ள இருந்து பேசறாங்க’ என்று ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னார்.

“புள்ளைங்க விளையாட்டா இது?” என்றார் பாய். “ஒரு நாள் புரையேறப் போவுது.”

“ம்ம்,” என்றார் அம்மையார். வாயில் தண்ணீர் இருந்தது.

விடவில்லை. புத்தகத்தையும் மறுபடி முதலிலிருந்து பிடித்தார். இம்முறை அடுத்த வரியை உள்ளங்கையால் மறைத்து, புள்ளி வந்த பிறகே கையை நகர்த்தினார். பால் பலமுறை பொங்கி வழிந்தது. பொங்கினால் பக்கம் ஒழுங்காகப் படித்ததாகக் கணக்கு. அடுப்பைத் துடைத்தவர் பாய்.

மாதத்தின் கடைசி நாள் ஒரு ஞாயிறு. ஏதோ நுழைவுத் தேர்வு நடக்கும் நாள். விடிந்தது முதல் மணி ஓயவில்லை. பாய் டீயோடு படியேறிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பிரணவ் சாவியோடு வாசலில் தயாராக நின்றான். அப்போது ஓர் அழைப்பு. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

“வண்டி வே... வேணும். நான் கி... கி...”

அம்மையாரின் கன்னங்கள் உப்பியிருந்தன.

“கி... கி...”

“கிளாம்பாக்கம்,” என்றார் துளசிங்கம். “பிரணவ், வண்டிய எடு.”

பிரணவ் இரண்டு படி இறங்கிவிட்டான். அம்மையார் கையை உயர்த்தினார். நில் என்று அர்த்தம். அந்தக் கை அப்படி நிற்கும் என்று அலுவலகத்தில் எவரும் அறிந்ததில்லை. பிரணவ் நின்றான். பாயும் படியிலேயே நின்றார்.

“அக்கா, மாசக் கடைசி இன்னிக்கு,” என்று துளசிங்கம் கிசுகிசுத்தார். “வேற லைன் அடிக்குது. சொல்லி முடிச்சு வுடுங்களேன்.”

அம்மையாரின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, தண்ணீர் இறங்கவில்லை. எதிர்முனையில் அந்த ஓர் எழுத்து முட்டி முட்டி நின்றது. சில கணங்கள் அதுவும் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். பாய் தம்மையறியாமல் ஒரு பெயரை முணுமுணுத்தார், அதுவும் ‘கிளாம்பாக்கம்’தான்.

“கி... கிழக்குத் தாம்பரம்,” என்றது குரல். “கேம்ப் ரோடு. ஆட்டோ நி... நின்னு போச்சு. பொண்ணுக்குப் பரீட்சை. கே... கேட்டு மூடிடுவாங்க.”

அம்மையார் விழுங்கினார். “வண்டி வருதும்மா. அங்கயே நில்லுங்க.”

கிளாம்பாக்கம் தெற்கே, கேம்ப் ரோடு கிழக்கே. பிரணவ் பறந்தான். அந்த வேகத்தை நாங்கள் வர்ணித்தால் போக்குவரத்துக் காவலர் வீடு தேடி வருவார், ஆகவே விடுகிறோம். தேர்வு மையத்தின் கதவு மூடுமுன் மகள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் எல்லம்மா என்ற அந்தத் தாய் தம் கடை இட்லியோடு வந்தார். முன்னதாக வேறு இடங்களில் கேட்டதாகவும், ‘கி’ என்றதுமே அவர்கள் கிளாம்பாக்கம் என்று எழுதிக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லி முடிக்க நெடுநேரம் பிடித்தது. அம்மையார் எதிரே கைகட்டி உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் வரவேற்றுக் கேட்டார். துளசிங்கம் எழுந்து போய் ஸ்பீக்கரை அணைத்தார். அதற்குப்பின் இன்றுவரை அது போடப்படவில்லை. அந்த நாற்காலியில் வேறெவரும் உட்காரவும் இல்லை.

நாங்கள் அதிர்ந்துபோனோம். அதிரவே அதிராதவர் பாய் ஒருவர்தான்.

“வாயில தண்ணி இருந்தா யாருதான் பேச முடியும்?” என்றார். “ஊமையா இருந்தது தண்ணி, ஹஃபீசா இல்ல. நீங்க வேணும்னா ஆபீஸ்ல மடல் எழுதிக்கோங்க. வூட்டுக்கு வந்து பாருங்க, நான் ‘அ’ன்னா அவ அரிசி தீந்துபோச்சுன்றா.”

பாடம் நாளடைவில் முதிர்ந்து, தண்ணீர்க் குவளை தேவைப்படாமல் போயிற்று. அம்மையாரிடம் பேசவே நாங்கள் பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று. வாக்கியத்தை முழுதாகச் சொல்ல வேண்டிவரும் என்று எதிர்பாராதவர்கள் நடுவில் நின்று திணறினார்கள். பாய் மட்டும் தலையசைக்கவில்லை. இம்மடலின் முதல் வரியை அவருக்குப் படித்துக் காட்டியபோதும், “அத எடுத்துடுங்க, சபையில மானம் போவும்,” என்றார்.

அம்மையாரே, பிறர் பேச்சைப் பொறுத்துக்கொள்ள அரும்பாடுபட்டுக் கற்ற தாங்கள், இனி அலாரமில்லாத காலைகளில் பால் வழிய வழியப் படிக்கவும், நோயின்றி நெடுநாள் வாழவும், தங்கள் காதைத் தேடி வருவோர் குறையாதிருக்கவும் உளமார வாழ்த்துகிறோம். எங்கள் வாழ்த்தையும் இடைமறிக்காமல் கேட்டமைக்கு நன்றி.

இவண்,
துளசிங்கம், பிரணவ் மற்றும் வெள்ளிமீன் கால்டாக்சியின் அனைத்துப் பணியாளர்கள்,
மேற்குத் தாம்பரம்.

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முந்தின நாள் பக்கீர் முகமது படியேறி வந்து, அடியில் தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். பேனாவைக் கொடுத்தால் வேண்டாம் என்றார். சொல்லச் சொல்ல எங்களை எழுதச் சொன்னார்.

“எனக்குக் கண் ஆபரேஷன் சொல்லிக்கினே கீறாங்க. நான் தள்ளிப் போட்டுக்கினே வந்தேன். ஏன்னு இவ கேட்டா, ‘எனக்குப் ப’ன்னு ஆரம்பிப்பேன். ‘பணத்துக்கு நான் பாத்துக்கறேன்’ம்பா, எழுந்து பூடுவா. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மறுபடி ஆரம்பிச்சேன். ‘எனக்குப் ப’ன்னேன். அவ சும்மா உக்காந்திருந்தா. எனக்கே வார்த்த வரல, அவ்ளோ நேரம் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்ல. அப்புறம் சொன்னேன், எனக்குப் பயமா கீதுன்னு. முழுசா சொன்னேன். முதல் வரிய எடுக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். நடந்துச்சு.”

பக்கீர் முகமது