வடிகட்டிய பிறகு எத்தனை

வசீகரனை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக மொன்றியல் வந்தவன். தொண்ணூற்று மூன்றில் என்னிடம் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தான். ஒரு கணினி நிரலை ஓட்டிப் பார்க்காமலே, எது எந்த வகைத் தரவு என்று அதில் எழுதியிருக்கும் வகைக் குறிப்புகளை வைத்தே, உள்ளே உருவாகும் பட்டியல்கள் எவ்வளவு நீளம் என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும்: அதுதான் அவன் ஆய்வு. நூறு எண்களை ஒவ்வொன்றாக இரட்டித்தால் கிடைப்பதும் நூறுதான், ஓட்டிப் பார்ப்பானேன்? அழகான வேலை. பட்டம் வந்தால் ஒட்டாவாவில் உத்தியோகம் தயார். அவன் மனைவி புஷ்பவதி ஆஸ்பத்திரியில் தரை துடைப்பதை விட்டுவிடலாம்.

சேர்ந்த வருடமே நான் உரையாற்றிய ஒரு கருத்தரங்கில், எல்லார் முன்னாலும், "சேர், அதிலை ஒரு சின்னப் பிழை இருக்கு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பிழையும் இருந்தது. நன்றி சொல்லித் திருத்திக்கொண்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. அந்த நூறில் இரட்டைப்படை எண்களை மட்டும் வடிகட்டினால் மிச்சம் எத்தனை? எண்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நான் சீக்கிரமே கண்டுகொண்டேன், சொல்லவில்லை. மாணவன் தானாகக் கண்டுபிடிப்பதே நல்லது என்பது என் கொள்கை. அவன் வருடக்கணக்காக அதன்மேல் கட்டிக்கொண்டே போனான். "நல்லாருக்கு, மேல போங்க" என்றேன்.

வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வியை நானே கேட்டேன். பலகை முன் நின்றவனுக்கு வியர்த்துக் கொட்டியது. பதற்றம் வந்தால் அவனுக்கு ஆங்கிலம் ஓடாது, பிரெஞ்சோ அரைகுறை. தமிழில் என்னிடம் சொல்வான். நான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். அது எங்கள் வழக்கம். அன்றும் என் பக்கம் திரும்பினான்.

"சேர், சரியா எத்தினை எண்டு சொல்லேலாது. ஆனா கூடினா நூறு, அதுக்கு மேலை போகாது எண்டு வகையிலை எழுதலாம். மிச்சமெல்லாம் அப்பிடியே நிக்கும்."

அதுதான் விடை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைகாலம் பிடித்தது. அவன் நின்ற நிலையில் சொன்னான்.

என்ன சொல்கிறார் என்று தேர்வுக்குழுத் தலைவர் கேட்டார். "விடை தெரியாதாம், முறையே தவறு என்று ஒப்புக்கொள்கிறார்" என்று வேகமான பிரெஞ்சில் சொன்னேன். பிறகு வசீகரனிடம், "சொல்லிட்டேன்" என்றேன். அவன் நிம்மதியாக அவர்களைப் பார்த்துத் தலையாட்டினான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

தேர்வு முடிந்ததும் மாணவனின் வீட்டார் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு வைப்பது எங்கள் துறையில் பழக்கம். வெளியே புஷ்பவதி, உருட்டிப் பொரித்த ரோல்ஸ் பலகாரத்தோடு நின்றாள். "முடிஞ்சுதோ சேர்? இது உங்களுக்கெண்டு சைவத்திலை செய்தது, எடுங்கோ." இரண்டு எடுத்தேன். நல்ல உறைப்பு. சாப்பிட்டு, கை துடைத்துவிட்டுத்தான் ஆய்வேடு தள்ளுபடியான விஷயத்தைச் சொன்னேன்.

மறுவருடம் அந்த விடையை என் பெயரில் கட்டுரையாக வெளியிட்டேன். நன்றியுரையில் அவன் பெயரைச் சேர்த்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் டாக்சி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, வீட்டு முகவரி விசாரித்து ஒரு பிரதியும் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவ்வளவு செய்தும் நன்றி இல்லையே என்று மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது.